வெயில் கணக்கும் இலைக் கொப்புளமும்

அயர்லாந்தில் வானிலை எச்சரிக்கை புயலுக்கும் பனிக்கும் மட்டும் வருவதில்லை. உருளைக்கிழங்குக்கும் வரும். கோடை மாதங்களில் இந்த நாட்டு வானிலை மையமான மெட் ஏரன், இன்ன நாளிலிருந்து இன்ன நாள் வரைக்கும் இந்தப் பக்கத்து மாவட்டங்களில் கருகல் நோய் பரவுவதற்கு ஏற்ற சூழல் இருக்கிறது என்று அறிவிப்பு விடும். கிழங்குக்கு வந்த வாழ்வைப் பாருங்கன்னு முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்த அறிவிப்புக்குப் பின்னால் இருக்கும் கணக்கைத் தேடிப் படித்த பிறகு சிரிப்பு வரவில்லை.

கணக்கு இதுதான். காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்தாற்போல் 12 மணி நேரம் நீடித்தால் நோய் கிளம்பத் தயார் என்று அர்த்தம். அதற்கு மேலும் இலை ஈரமாகவே இருந்தால் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஆபத்து கூடிக்கொண்டே போகும். ஆஸ்டின் பர்க் என்கிற ஐரிஷ் வானிலை அறிஞர் 1950களின் தொடக்கத்தில் வகுத்த விதி இது. இன்றைக்கும் இதை வைத்துத்தான் இங்கே அறிவிப்பு வருகிறது. கொஞ்சம் பயந்த சுபாவமுள்ள விதி என்று சொல்வார்கள். தேவையில்லாத நாளிலும் மணி அடித்துவிடும். என் தொழில் பாஷையில் சொன்னால் இது ஒரு ‘இஃப்’ கண்டிஷன், அவ்வளவுதான். ஆனா இதை எழுத வைத்தது சாதாரண அனுபவம் இல்லை.

1845 செப்டம்பரில் இங்கே உருளைக்கிழங்குச் செடிகள் கருக ஆரம்பித்தன. மண்ணுக்குள் இருந்த கிழங்கு அழுகிக் கூழானது. ஏழைகள் நம்பியிருந்தது பெரும்பாலும் ‘லம்பர்’ என்கிற ஒரே ரகத்தை. உருளைக்கிழங்கு விதையிலிருந்து வளர்வதில்லை, கிழங்கை வெட்டித்தான் நடுகிறோம். அதனால் நாடு முழுக்க இருந்தது கிட்டத்தட்ட ஒரே செடியின் நகல்கள். ஒன்றில் நுழைந்த நோய் எல்லாவற்றிலும் நுழைந்தது. பட்டினியிலும் கூடவே வந்த காய்ச்சலிலும் பத்து லட்சம் பேர் செத்தார்கள். இன்னொரு பத்து லட்சத்துக்கும் மேல் கப்பலேறினார்கள். பஞ்சத்துக்கு நோய் மட்டும் காரணமில்லை. அதே வருஷங்களில் இதே தீவிலிருந்து தானியம் ஏற்றுமதி ஆகிக்கொண்டிருந்ததை ஐரிஷ்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. 1841 கணக்கெடுப்பில் 80 லட்சத்தைத் தாண்டியிருந்த இந்தத் தீவின் ஜனத்தொகை, வடக்கையும் தெற்கையும் சேர்த்தாலும் இன்று வரை அந்த எண்ணிக்கையை எட்டவில்லை.

அப்போது பலர் மழையைக் குற்றம் சொன்னார்கள். இலை அழுகியதால் பூஞ்சை வந்தது என்பது அவர்கள் வாதம். இல்லை, பூஞ்சை வந்ததால்தான் இலை அழுகியது என்று 1846இல் எழுதியவர் மைல்ஸ் ஜோசப் பெர்க்லி என்ற இங்கிலாந்துப் பாதிரியார். (கருகல் நோய்க்கிருமி பார்க்கப் பூஞ்சை மாதிரி இருந்தாலும் வேறு குடும்பம் என்று பிற்பாடு கண்டுபிடித்தார்கள். அதனால் அவர் வாதம் அடிபட்டுப் போகவில்லை.) அவர் பேரை நான் ஞாபகம் வைத்திருக்கக் காரணம் வேறு. 23 வருஷம் கழித்து, 1869இல், இலங்கையிலிருந்து அவருக்கு ஒரு நோய்ப்பட்ட காப்பி இலை வந்து சேர்ந்தது. அடிப்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் பொடி. அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று அவரும் புரூம் என்பவரும் பெயர் வைத்தார்கள். வாஸ்டாட்ரிக்ஸ் என்றால் லத்தீனில் பாழாக்குபவள். பேர் வைத்த நேரமோ என்னவோ, இருபது வருஷத்துக்குள் இலங்கையின் காப்பித் தோட்டங்கள் ஏறக்குறைய இல்லாமலே போயின.

அந்தக் காப்பித் துருநோய் எங்கள் குடும்பக் கதைக்குள்ளும் வருகிறது. காப்பிப் பழம் பறிக்க வருஷத்தில் சில மாதங்கள்தான் நிறைய ஆள் வேண்டும். திருச்சி, சேலம், ராமநாதபுரம் பக்கத்திலிருந்து போனவர்கள் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவார்கள். காப்பி செத்ததும் துரைமார்கள் தேயிலைக்கு மாறினார்கள். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் வெறும் 19 ஏக்கரில் ஆரம்பித்து வைத்தது கைகொடுத்தது. தேயிலை அப்படி விட்டுவிட்டுப் போகிற பயிர் இல்லை. வருஷம் பூரா, வாரா வாரம் கொழுந்து எடுக்கணும். ஆண், பெண், பிள்ளைகள் என்று குடும்பமாகவே லயத்தில் குடியேற வேண்டியதாயிற்று. மலையகத் தமிழர் என்று ஒரு சமூகம் அங்கேயே வேர்விட்டதில் ஒரு இலைநோய்க்கும் பங்கு உண்டு. அம்மாவைப் பெற்ற தாத்தா அந்த லயத்தில் பிறந்தவர். 1964இல் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, கடைசியில் கோத்தகிரி வந்து சேர்ந்தார். அங்கேயும் தேயிலைதான்.

தேயிலைக்கும் அதன் சொந்த நோய் ஒன்று இருக்கிறது. கொப்புள நோய். தோட்டத்தில் ‘பிளிஸ்டர்’ என்றால்தான் சட்டென்று புரியும். கிருமியின் பெயர் எக்ஸோபேசிடியம் வெக்ஸான்ஸ். வெக்ஸான்ஸ் என்றால் தொல்லை கொடுப்பது. இது பொருத்தமான பேர். அஸ்ஸாமில் 1868லேயே பார்த்திருக்கிறார்கள். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் 1946இல் வந்தது. வந்த வேகத்தில் இரண்டு பக்கமும் தோட்டம் தோட்டமாகப் பரவியது.

இந்த நோயின் விசேஷம், அதற்கு முற்றின இலை பிடிக்காது. தளிரையும் இளந்தண்டையும் மட்டும்தான் தொடும். நாம் காசு பார்ப்பது எதில்? இரண்டு இலை ஒரு மொட்டு என்கிற அதே தளிரில். முதலில் எண்ணெய்ச் சொட்டு பட்ட மாதிரி குண்டூசித் தலை அளவில் ஒரு வெளிறிய புள்ளி. அப்புறம் அது பெரிசாகி, இலையின் மேல்பக்கம் குழியும், கீழ்ப்பக்கம் கொப்புளமுமாக மாறும். கொப்புளத்தின் மேல் வெல்வெட் துணி மாதிரி வெள்ளையாகப் பூக்கும். அந்த வெள்ளைதான் பூஞ்சை வித்துக்கள். ராத்திரி ஈரத்தில் அவை லட்சக்கணக்கில் காற்றில் கிளம்பும். பக்கத்துச் செடித் தளிரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தால் போதும், முளைத்துவிடும். ஒரு சுற்று முடிய 11 நாளிலிருந்து 28 நாள் வரை ஆகும். பனியும் மழையும் விடாமல் இருந்தால் சீக்கிரம் முடியும்.

அதற்கு எமன் ஒன்று உண்டு: வெயில். நேரடி வெயில் பட்டால் வித்து தாங்காது. இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் இதைப் பிடித்துக்கொண்டுதான் கணக்குப் போட்டார்கள். விஸ்ஸர், சண்முகநாதன், சபாநாயகம் என்ற மூன்று பேர் 1961இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, வெயிலும் மழையும் கொப்புள நோயை எப்படி ஆட்டி வைக்கின்றன என்பதைப் பற்றியது. மூன்றில் இரண்டு பேர் நம்ம பேர் என்பதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது, மறைப்பானேன். இந்த மாதிரி ஆய்வுகளிலிருந்து வந்த விதி மிக எளிது. கடந்த 5 நாளின் சராசரி வெயில் நேரத்தைப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 4 மணி நேரம் நல்ல வெயில் அடித்திருந்தால் இந்தத் தடவை மருந்து வேண்டாம். குறைந்தால் அடிங்க. வெயில் நேரத்தை அளக்க அந்தக் காலத்துக் கருவி ஒரு கண்ணாடிக் குண்டு. பூதக்கண்ணாடியில் காகிதத்தைப் பொசுக்கி விளையாடியிருப்போமே, அதே வித்தைதான். குண்டின் வழியே விழும் வெயில் பின்னால் வைத்த அட்டையில் கோடாகப் பொசுக்கிக்கொண்டே போகும். சாயங்காலம் அந்தக் கோட்டின் நீளத்தை அளந்தால் அன்றைய வெயில் நேரம் கிடைத்துவிடும்.

அயர்லாந்தில் ஈரத்தை எண்ணினார்கள், தலவாக்கலையில் வெயிலை எண்ணினார்கள். இரண்டும் ஒரே யோசனைதான். மருந்தை நாள்காட்டி பார்த்து அடிக்காதே, வானத்தைப் பார்த்து அடி.

கோத்தகிரியில் என் மாமாவுக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. தாத்தா கூலிக்குக் கொழுந்து எடுத்தார், மாமா சொந்தத்தில் எடுக்கிறார். போன மழைக்காலத்துக்கு முன்னால் நான் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். சாட்டிலைட் தரவிலிருந்து அந்தப் பகுதியின் வெயில் நேரத்தை எடுத்து, 5 நாள் சராசரி போட்டு, குறைந்தால் மாமாவின் வாட்ஸ்அப்புக்குச் செய்தி போகும். ஒரு சனிக்கிழமை மத்தியான வேலை. நன்றாகவே ஓடியது. அக்டோபரில் ஒன்பது நாளில் நான்கு செய்தி போயிருந்தது. நான் போன் பண்ணினேன்.

“மாப்ள, உன் மெசேஜெல்லாம் கரெக்டாத்தான் வருது. வெயில் இல்லேன்னு எனக்கும் தெரியுதே, ஜன்னலத் தெறந்தா தெரியுது. மருந்தடிக்க ஆளு எங்க? நீ வர்றியா?”

கோபமாகச் சொல்லவில்லை, விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனா விஷயம் அங்கேதான் இருக்கிறது. கொப்புள நோய்க்குப் பாட்டிலில் வருகிற மருந்தைவிடப் பழைய மருந்து ஒன்று உண்டு. கொழுந்தை நேரத்துக்கு எடுப்பது. ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை ரவுண்டு வந்துவிட்டால், நோய் பிடித்த தளிரில் பெரும்பகுதி வெள்ளை பூப்பதற்கு முன்பே கூடைக்குள் போய்விடும். செடியில் மிஞ்சுவது நோய்க்குப் பிடிக்காத முற்றின இலை. அந்த ரவுண்டு இருபது நாள் ஆனால்? தளிர் செடியிலேயே நின்று, கொப்புளம் வெடித்து, அடுத்த சுற்றையும் ஆரம்பித்து வைத்துவிடும்.

மாமா தோட்டத்துக்கு முன்பு எட்டுப் பெண்கள் வருவார்களாம். இப்போது மூன்று பேர், மூவருக்கும் ஐம்பதைத் தாண்டிவிட்டது. அடுத்த தலைமுறை திருப்பூர், கோயம்புத்தூர் போய்விட்டது. ஏன் போனார்கள் என்று கேட்கும் யோக்கியதை டப்ளினில் உட்கார்ந்திருக்கும் எனக்குக் கிடையாது. கைக்குப் பதில் கத்தரி வந்திருக்கிறது. கீழே பை கட்டிய பெரிய கத்தரி, ஒரே இழுப்பில் சேர்த்து வெட்டும். வேலை சீக்கிரம் முடியும், ஆனா கத்தரி தளிரையும் பார்க்காது கொப்புளத்தையும் பார்க்காது. பச்சைத் தேயிலைக்கு விலை இறங்கிய மாதங்களில் எடுக்கிற கூலிக்கே கட்டாது என்று செடியை அப்படியே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. மாமாவுக்கு மேல்பக்கத்துத் தோட்டம் அப்படித்தான் கிடக்கிறது. பங்காளிகள் எல்லாரும் வெளியூரில். அங்கே பூக்கும் வெள்ளை ராத்திரியோடு ராத்திரியாக இறங்கி வருகிறது. ஒருத்தர் மட்டும் மருந்தடித்து என்ன பண்ண முடியும்? ‘மேலாண்மை’ என்று புத்தகத்தில் அழகாகப் போட்டிருக்கும். ஊரோடு சேர்ந்து செய்தால்தான் அது மேலாண்மை.

ஆள் குறைவாக இருந்தாலும் செய்யக்கூடியது சில இருக்கின்றன. நிழல் மரங்களான சில்வர் ஓக்கின் கிளைகளை மழைக்கு முன் கழித்துவிட்டால் வெயிலும் காற்றும் உள்ளே இறங்கும், இலை சீக்கிரம் காயும். இதை மாமா தவறாமல் செய்கிறார். முக்கியமாகக் கவாத்து. நான்கைந்து வருஷத்துக்கு ஒருமுறை செடியை வெட்டிவிடும்போது, அப்புறம் துளிர்ப்பதெல்லாம் தளிர்தான். அந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் செடி தேறுவதே கஷ்டம். ஆகவே துளிர்க்கும் மாதமும் மழை மாதமும் ஒன்றாக வராதபடி கவாத்து நாளைக் குறிக்கணும். கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்ப்பதைவிட இதற்கு அதிகமாகப் பார்ப்பார் மாமா.

மருந்து என்றால் அடிப்படை இன்றும் செம்புதான். இதன் கதை சுவாரசியமானது. பிரான்ஸில் போர்டோ பக்கம் சாலையோரத் திராட்சையைத் திருடர்கள் பறிக்காமலிருக்க மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துத் தெளித்து வைத்திருந்தார்கள். பார்க்க விஷம் மாதிரி இருக்கணும், அவ்வளவுதான் நோக்கம். நோய் வந்து மற்ற கொடிகளெல்லாம் இலை உதிர்த்து நிற்க, இவை மட்டும் பச்சையாக நின்றதை மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்தார். 1885இல் போர்டோ கலவை பிறந்தது. அயர்லாந்தில் அதே மயில்துத்தத்துக்குப் ‘புளூஸ்டோன்’ என்று பேர், கிழங்குக்குத் தெளித்தார்கள். நீலகிரியிலும் உருளைக்கிழங்குக்கு இதே கருகல் நோய்தான். 1870களில் ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்குள் அது நுழைந்த வாசலே நீலகிரி என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன.

செம்பு இலையின் மேல் உட்கார்ந்து காவல் காக்கும், உள்ளே போன நோயைத் தொடாது. மழை அடித்தால் கழுவிக்கொண்டு போகும். அதனால்தான் உள்ளே ஊடுருவும் ஹெக்ஸகோனசோல் மாதிரி மருந்துகள் வந்தன. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் கிருமி பழகிக்கொள்ளும், மாற்றி மாற்றி அடிக்கணும். இங்கே ஐரோப்பாவின் உருளைக்கிழங்கில் சில மருந்துகளுக்கு அசையாத கருகல் ரகங்கள் ஏற்கெனவே வந்துவிட்டன.

டீ குடிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. மற்ற கீரையைப் போலப் பறித்த கொழுந்தை யாரும் கழுவுவதில்லை. நேராக வாடவைத்து, உருட்டி, காயவைத்து விடுவார்கள். சுமார் நாலரைக் கிலோ பச்சை இலைதான் ஒரு கிலோ தூளாகிறது. அதன்மேல் முதல் தண்ணீர் படுவது நம்ம டீ பாத்திரத்தில்தான். அதனால்தான் ஐரோப்பாவும் ஜப்பானும் எச்சத்துக்குக் கடுமையான வரம்பு வைத்திருக்கின்றன. தனியாக வரம்பு சொல்லாத மருந்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு. நுகர்வோராக எனக்கு இது சந்தோஷம். ஆனா அந்த வரம்புக்குள் நிற்க என்ன வேண்டும்? மருந்தடித்த பிறகு இடைவெளி விட்டுத்தான் பறிக்கணும். நோய் பரவாமலிருக்கச் சீக்கிரம் பறிக்கணும். இரண்டுக்கும் நடுவில் நாள் பார்த்து ஓட ஆள் வேண்டும். மறுபடியும் அதே ஆள். ‘ஆர்கானிக்’ என்று போட்ட டப்பாவை வாங்கினால் பிரச்சனை தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: ஆர்கானிக் விவசாயத்திலும் செம்புக்கு அனுமதி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அதற்கும் உச்சவரம்பு இருக்கிறது, ஹெக்டேருக்கு 7 வருஷத்தில் 28 கிலோ. செம்பு மண்ணை விட்டு எங்கேயும் போகாது என்பதால் அந்தக் கட்டுப்பாடு.

ரகங்களிலும் வேலை நடக்கிறது. தேயிலையில் சில ரகங்கள் கொப்புளத்தை ஓரளவு தாங்கும், சில முதல் மழையிலேயே படுத்துவிடும். பழைய தோட்டங்கள் விதையிலிருந்து வந்தவை. ஒவ்வொரு செடியும் ஒரு மாதிரி, விளைச்சலும் ஒழுங்கில்லை. அதனால் குச்சி நட்டு ஒரே ரகத்தைப் பெருக்கும் ‘விபி’ தேயிலை வந்தது. விளைச்சல் கூடியது, லம்பர் கிழங்கின் அதே பலவீனமும் சேர்ந்தே வந்தது. மாமாவின் ஒன்றரை ஏக்கரில் ஒரு ஓரத்தில் இன்னும் விதைத் தேயிலை நிற்கிறது. பிடுங்கச் சொல்லிப் பலர் சொல்லிவிட்டார்கள், அவர் விடவில்லை. காரணம் கேட்டால், “அது பாட்டுக்கு இருக்கட்டுமே” என்பார்.

இனி நம்ம வீட்டுக் கதை. கொப்புள நோய் ஆசியாவை விட்டு வெளியே போனதாகத் தெரியவில்லை. கென்யா தேயிலையில் இந்தத் தொல்லை இல்லை. அது அப்படியே நீடிக்க, நோயுள்ள நாட்டிலிருந்து கன்றோ குச்சியோ போகாமல் இருக்கணும். ஊட்டியில் அழகாக இருந்தது என்று தேயிலைக் கன்றைத் துணிக்குள் சுருட்டி எடுத்துவருகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கே இரண்டு பேரைத் தெரியும். 2019 டிசம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எந்தச் செடி, இலை, காய், விதை கொண்டுவந்தாலும் பயிர்நலச் சான்றிதழ் வேண்டும். விதிவிலக்கு அன்னாசி, தேங்காய், டுரியன், வாழைப்பழம், பேரீச்சை, இந்த ஐந்துக்கு மட்டும். அம்மா கொடுத்துவிடும் கறிவேப்பிலைக் கட்டு அந்தப் பட்டியலில் இல்லை.

தோட்டத்தில் தக்காளி வைத்திருப்பவர்களுக்கு: உருளைக்கிழங்கின் கருகல் நோய் தக்காளிக்கும் வரும், இரண்டும் ஒரே குடும்பம். இலையில் தண்ணீர் ஊறிய மாதிரி பழுப்புத் திட்டு, அடிப்பக்கம் வெள்ளைப் படலம், தண்டில் கறுப்பு, காயில் கெட்டியான பழுப்புத் தழும்பு தெரிந்தால் அதுதான். இரண்டு மூன்று நாளில் செடி போய்விடும். மனசு கேட்காமல் வைத்துக்கொண்டிருக்காதீர்கள், அன்றைக்கே பிடுங்கிப் பையில் கட்டிப் போடுங்கள். வீட்டு உரக்குழியில் வேண்டாம். தண்ணீரைச் செடியின் தலையில் ஊற்றாமல் வேரில் விடுங்கள், முடிந்தால் கூரைக்கு அடியில் வளருங்கள். கடையில் வாங்கிய கிழங்கை வெட்டி நடாமல் சான்று பெற்ற விதைக்கிழங்காக வாங்குங்கள். ‘சார்ப்போ மிரா’ மாதிரி நோய் தாங்கும் ரகம் இங்கே கிடைக்கிறது. வறுவலுக்கு அவ்வளவு ருசியில்லை என்று வீட்டில் புகார் உண்டு, சாம்பாரில் போட்டால் தெரியாது. போன வருஷம் நட்டதில் தோண்டாமல் விட்டுப்போன கிழங்கு ஏப்ரலில் தானாக முளைத்து வரும். அதை ‘பரவாயில்லையே, இலவசச் செடி’ என்று விட்டுவிடாமல் பிடுங்கிவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரும் தோட்டம் வைத்திருந்தால் அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.